நாலாம் வேளை மாத்திரை

தரணேந்திரா,

நீ கேட்ட பழைய ஆஸ்பத்திரி நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அதில் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. நாலு வேளையும் தவறாமல் மாத்திரை கொடுத்தும் குணம் தெரியவில்லை என்று டாக்டரம்மா இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. நான் சொன்னதை எழுதினார். என் வீட்டில் ஒரு நாள்கூட உனக்கு நாலாம் வேளை மாத்திரை கொடுக்கப்படவில்லை. கொடுக்கவிடாமல் தடுத்தவன் நான். தடுத்ததை மறைத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே பொய் சொன்னவனும் நான். அதற்குப் பிறகு உனக்கு நடந்த வைத்தியமெல்லாம் அந்தப் பொய்யின் மேல் நடந்ததுதான்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. எட்டு மாதம் கழித்து எழுதியிருக்கிறாய். என் உடம்பைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டு மணிக்கட்டும் மறுபடி வீங்கிவிட்டது, ஆபீசில் பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். மெட்ராஸில் இப்போது பார்க்கும் டாக்டர் கடுமையான ஒரு மருந்தைப் பற்றிப் பேசினாராம். சாதாரண மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்களாம். ரத்தத்தைக் கெடுக்கலாம், பிள்ளை பிறப்பதையும் பாதிக்கலாம் என்று சொல்லிவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாராம். தை மாதம் கல்யாணம் என்று நீ சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சின்ன வயசு நோட்டு இருந்தா கொண்டாங்க. பழைய மாத்திரை நிஜமாவே கேக்கலையான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாராம். அவர் புரட்டப்போவது அந்த ஒன்பதாம் பக்கத்தை. அதை நம்பி உனக்கும் உன்னைக் கட்டிக்கொள்ள வரும் பெண்ணுக்கும் அவர் ஒரு முடிவு எழுதிவிடுவார். அதற்கு முன்னால் நீ இதைப் படிக்க வேண்டும்.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தின வருஷம் உனக்கு எட்டு வயது. போளூர் ரோட்டில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். சுற்றுப்பட்டில் கிணற்றுக்குக் கிணறு கரண்ட் மோட்டார் இறங்கிய காலம். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக் கம்பியை எத்தனை சுற்று சுற்றியிருக்கிறான் என்று எண்ணி, அதேபோல் திரும்பக் கட்டுவேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவன். கெட்டுப்போன பத்து மோட்டாரைப் பிரித்துப் பதினோராவதைச் சரிசெய்தவன். அதனாலேயே எந்தப் படித்தவனும் எனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்குள் ஊறிவிட்டது. மற்ற தப்புகளுக்கெல்லாம் அதுதான் வேர்.

ஒரு நாள் காலையில் பாயைவிட்டு எழாமல், "அப்பா, காலு ஒட்டிக்கிச்சுப்பா" என்றாய். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாய் என்று நினைத்துத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். நீ கத்திய கத்தலில் உன் அம்மா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு முழங்காலும் சூடாக, உப்பி, பளபளவென்று இருந்தன. பத்து மணிக்கெல்லாம் நடந்தாய், பதினோரு மணிக்கு விளையாடினாய், மறுநாள் காலையில் மறுபடி மரக்கட்டை. ஊரில் ஒரு டாக்டர் வாதக் காய்ச்சல் என்று சொல்லி மாதம் ஒரு ஊசி போட்டார். ஏழு மாதம் போட்டார். ஏழாவது மாதம் உன் விரல்களும் வீங்கின. "இன்னும் ஒரு வருஷம் போட்டாதான் தெரியும்" என்றார். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. ஏழு மாதம் கண்ணெதிரே ஒரு குழந்தை மோசமாகிறது. தான் நினைத்தது தப்போ என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதே என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று தெரிகிறது. எழுதியதை அடிக்கமாட்டேன்.

அந்த ஏழாம் மாதத்தில்தான் நான் நம் ஊர் ஜினாலயத்துக்குப் போய் பகவான் முன்னால் நின்று விரதம் எடுத்துக்கொண்டேன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்பது நம் சமணர்களுக்குப் பிறப்பிலிருந்து உள்ள விதி. நான் அதைச் சரியாகக் கடைப்பிடித்தவன் இல்லை. வாலிபத்தில் மெட்ராஸில் வேலை தேடி அலைந்தபோது ராத்திரிக் கடையில் நின்று இட்லி தின்றிருக்கிறேன். அந்தப் பாவம்தான் உன் காலில் வந்து நிற்கிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். என் பிள்ளை எழுந்து நடக்கிறவரைக்கும் பொழுது சாய்ந்தபின் என் வீட்டில் அடுப்பு எரியாது, என் வீட்டில் யார் வாயிலும் ஒரு பருக்கை போகாது என்று சத்தியம் செய்தேன். எனக்காகச் செய்யவில்லை. உனக்காகச் செய்தேன். உனக்கு எது கேடாக முடிந்ததோ அதை உனக்காகவேதான் செய்தேன்.

அடுத்த மாதம் செஞ்சி, திண்டிவனம் வழியாக பஸ் பிடித்து உன்னை மெட்ராஸுக்குக் கொண்டுபோனோம். குழந்தைகளைப் பார்க்கும் அந்த டாக்டரம்மா உன் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கிப் பார்த்தார். "இது வாதக் காய்ச்சல் இல்லீங்க. சின்னப் பசங்களுக்கு வர்ற மூட்டு வீக்கம். உடம்பே தன் மூட்டுமேல சண்டைக்குப் போகுது" என்றார். சாதாரணத் தலைவலி மாத்திரைதான், ஆனால் அளவு ஜாஸ்தி, நாலு வேளை, வயிற்றில் ஏதாவது போட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார். "ராத்திரி படுக்கிறப்ப குடுக்கிற வேளையை மட்டும் விட்டுடாதீங்க. ஒரு டம்ளர் பாலாவது குடுத்துட்டு குடுங்க. காலைல அவன் எழுந்து நிக்கிறது அதுலதான் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். உன் அம்மா தலையை ஆட்டினாள். நான் ஆட்டவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள். "என்னங்க, பாலுதானே. அடுப்பு பத்த வைக்கல. சாயங்காலமே காச்சி மூடி வச்சிடறேன்." பால் சாப்பாடு இல்லையா என்று கேட்டேன். "கொழந்தைக்குங்க" என்றாள். "அவனுக்காகத்தான் விரதமே" என்றேன். எனக்கு ஒரு கணக்கும் இருந்தது. ஒரு நாளைக்கு மொத்தம் இத்தனை மாத்திரை; நாலு வேளையில் போனால் என்ன, மூன்று வேளையில் போனால் என்ன, உள்ளே போவது ஒன்றுதானே. அப்படியே பகலிலேயே எல்லாவற்றையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் காதில் வண்டு பறக்கிறது என்று காதைப் பொத்திக்கொண்டு அழுதாய், வாந்தி எடுத்தாய். ஒரு வேளைக்கு அளவு கூடினால் அப்படித்தான் ஆகும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் செய்தது இதுதான்: கூட்டிய மாத்திரைகளை எடுத்துவிட்டேன். ஆக நாலாம் வேளை அடியோடு போயிற்று.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்தன்று மலையில் ஜோதி ஏறி, தெருவெல்லாம் விளக்கு வைத்தபின் எதிர்வீட்டுக்காரர் பொரி உருண்டை கொண்டுவந்தார். நீ கையை நீட்டினாய். விரல் மடங்காததால் உருண்டை கீழே விழுந்து உருண்டது. நான் அதை எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "கொழந்த ஒரு வாய் வச்சா இன்னா ஆயிடும் நயினாரே? உங்க சாமி இன்னா கதவு சந்துல நின்னு பாக்குதா?" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நான் அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை.

தை மாதம் உன் அம்மா உன்னைக் கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் அவளுடைய தாய்வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஒரு மாதம் இருந்தீர்கள். திரும்பி வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நான் உன்னைத் தூக்கக் கையை நீட்டினேன். நீ என் கையைத் தாண்டிப் படியிலிருந்து குதித்தாய். கடை வரைக்கும் முன்னால் ஓடினாய். முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். விரதம் பலித்தது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பதினைந்து நாளில் நீ மறுபடி பாயோடு ஒட்டிக்கொண்டாய். அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள்.

"அங்க ராத்திரி வேளை குடுத்தேங்க. பால் குடுத்து, தெனமும் குடுத்தேன். ஒரு நாளும் விடல. அதான் நடந்தான்."

நான் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவளுக்கு லேசாக இருந்திருக்கும். சத்தியத்தை உடைத்தவள் என்று சொல்லி ஆறு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை. நம் கோயிலில் பூஜை செய்யும் உபாத்தியாயரிடம் அவள் போய் அழுதிருக்கிறாள். அவரே கடைக்கு வந்தார். "விரதம் ஒடம்பு நல்லா இருக்கிறவனுக்குப்பா. நோயாளிக்கும் சின்னக் கொழந்தைக்கும் யார் விதிச்சது? நீ பகவானைவிட கண்டிப்பா இருக்கியே" என்றார். கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்காமலே, "என் வீட்டு விஷயம்" என்றேன். அவரும் போய்விட்டார். மருந்து இன்னது, அது வேலை செய்யும் விதம் இன்னது என்று என் கண் முன்னாலேயே நீ ஓடிக் காட்டியிருந்தாய். எரிந்த மோட்டாரில் இத்தனை தெளிவாகக் காரணம் கிடைத்திருந்தால் விட்டிருப்பேனா?

பிறகு மெட்ராஸுக்குப் போனோம். பெஞ்சு முழுக்க ஜனம். டாக்டரம்மா உன் முழங்காலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "நாலு வேளையும் குடுத்தீங்களா?" என்றார். உன் அம்மா தரையைப் பார்த்தாள். நீ மேஜைமேல் உட்கார்ந்திருந்தாய். "ராத்திரி..." என்று ஆரம்பித்தாய். நான் உன் தோள்மேல் கையை வைத்து அழுத்தினேன். நீ நிறுத்திவிட்டாய். "தவறாம நாலு வேளையும் குடுத்தேங்க. ஒரு வேளை விடல" என்றேன். சுற்றிலும் அத்தனை பேர் இருக்க, பெற்ற பிள்ளைக்கு மருந்து கொடுக்காதவன் என்று நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். விரதத்தைக் காப்பாற்றக்கூட அந்தப் பொய்யைச் சொல்லவில்லை; என் மூஞ்சியைக் காப்பாற்றச் சொன்னேன். அவர் நோட்டைப் புரட்டினார். "அப்ப இதுக்கு மாத்திரை கேக்கல. வேற வழியில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். அன்றுதான் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பமாயிற்று. காலையில் மட்டும் கொடுத்தால் போதும் என்றார். எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா?

ஒரு வாரத்தில் நீ நடந்தாய். இரண்டு மாதத்தில் முகம் பூசணிப்பழம்போல் உப்பியது. "பையன் தேறிட்டான்" என்று தெருவே சொன்னது. நானும் சந்தோஷப்பட்டேன். அந்த மாத்திரை மூட்டில் எரிகிற தீயோடு சேர்த்து, வளர்கிற எலும்பையும் அமுக்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் கொடுத்தார், கூடிய சீக்கிரம் குறைக்க வேண்டும் என்றார். குறைத்தபோதெல்லாம் வீக்கம் திரும்பியது. ஆறு வருஷம் ஓடிற்று. பதினாலு வயதில் உன் கால்சட்டை பத்து வயதுப் பையன் அளவு. தையற்காரர் அளவெடுத்துவிட்டு, "தம்பிக்கு போன வருஷ அளவே போதும்" என்றார். நீ கடை வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாய். நான் தையற்காரரிடம் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். உன் அத்தை, என் அக்கா, நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "இது நம்ம வம்சத்துல இல்லாத வியாதி. பொண்ணு எடுத்த வீட்டு ரத்தம்" என்பாள். அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் அங்கே இருந்தேன். ஒரு தடவைகூட மறுக்கவில்லை. உன் அம்மா காபி டம்ளரை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நினைத்திருந்தால் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நீ என்னை அன்றே விட்டுப் போயிருப்பாய். போன வருஷம் அவள் சாவதற்கு நாலு நாள் முன்னால் என்னிடம், "அன்னிக்கி நானாவது வாயைத் தொறந்திருக்கணும். நானும் சேந்துதான் செஞ்சேன்" என்றாள். இல்லை, நீ இல்லை, நான் மட்டும்தான் என்று சொல்ல எனக்கு நாலு நாள் இருந்தது. சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்தேன்.

எனக்கு இது எப்போது முழுதாக விளங்கிற்று என்று கேட்பாய். ஊருக்குப் புதிதாக வந்த இளம் டாக்டர் ஒருவர் போன கோடையில் தண்ணீர் மோட்டாரைக் கடைக்கு அனுப்பினார். சரிசெய்து கொண்டுபோய் மாட்டும்போது உன் வியாதியைப் பற்றிக் கேட்டேன். அவர் பொறுமைசாலி. உடம்பில் கிருமியோடு சண்டை போடும் அணுக்கள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்கின்றன என்றார். வா, வீங்கு, சூடேறு என்று ஒரு சேதி. போதும், நிறுத்து என்று இன்னொரு சேதி. இந்தச் சேதிகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேர் வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். "உங்க பையனுக்கு கெளப்பி விடற சேதி நிக்கவே மாட்டேங்குது. நிறுத்தற சேதி பத்தல" என்றார். எனக்கு அது ஸ்டார்ட்டர் பெட்டிபோல் விளங்கிற்று. பச்சைப் பொத்தான் அழுந்தியபடியே இருக்கிறது, சிவப்புப் பொத்தான் பிடிக்கவில்லை. மோட்டார் தண்ணீர் இல்லாத கிணற்றிலும் ஓடித் தன்னையே எரித்துக்கொள்கிறது. "மாத்திரை அந்தச் சேதியில ஒரு பங்கை அடக்கும். ஆனா ரத்தத்துல அளவு எறங்காம இருக்கணும். எறங்கினா மறுபடி கெளம்பிடும். அதான் நாலு வேளை" என்றார். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து மறுநாள் காலை ஏழு வரைக்கும், தினமும், உன்னை அந்தத் தீயில் தனியாக விட்டிருந்தேன். மாட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு ஒரு பழைய வைத்தியப் புஸ்தகம் வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவர் சொன்னதுதான் அதிலும் இருந்தது.

நாலு வேளையும் கொடுத்திருந்தால் நீ மற்றப் பிள்ளைகள்போல் வளர்ந்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை. அந்த மாத்திரை சில பிள்ளைகளுக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது என்றுதான் புஸ்தகமும் சொல்கிறது. ஒரு மாதம் உனக்குக் கேட்டது. அதற்குமேல் எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்துகொள்ளக் கிடைத்த வழியை நான் அடைத்துவிட்டேன். நீ அன்று மேஜைமேல் "ராத்திரி" என்று ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று பதினாலு வருஷமாகக் கேட்கப் பயந்துகொண்டிருக்கிறேன். நினைவிருந்தும் நீ சொல்லாமல் இருந்திருந்தால், அதை என்னால் தாங்க முடியாது.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையும் உனக்கு வேண்டாம். நீ நடந்தபிறகும் தொடர்ந்து வரும் என் விரதத்தை நான் விடவும் போவதில்லை. அது தப்பில்லை. அதை உன் வாய்க்குப் பூட்டாகப் போட்டதுதான் தப்பு. இனி நடக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டை டாக்டரிடம் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை நீ அவரிடம் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் பக்கத்தின்மேல் நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்த மாத்திரை உனக்கு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதே ஒரு மாதம்தான், அப்போது கேட்டது, என்று தெரிந்துகொண்டு அவர் யோசிக்க வேண்டும். எல்லாம் கேட்டபிறகும் கடுமையான மருந்துதான் வேண்டும் என்று அவர் சொன்னால், அவர் சொல்வதை நீ கேட்க வேண்டும். என்னைக் கேட்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டாரிடம் உன் வியாதியை மறைக்கக்கூடாது. அந்தப் பெண்ணிடம் நீ நேரில் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பாவிடம் நான் போய்ச் சொல்கிறேன், இந்த மாத்திரைக் கதையையும் சேர்த்து. அவர்கள் வேண்டாமென்றால் அந்தப் பழியை என்மேல் போடு.

உன் அத்தை வீட்டுக்கு நான் போவேன். யார் ரத்தம் என்ற பேச்சு அவள் வாயில் இனி வரக்கூடாது என்று, அவள் மருமகள்கள் எதிரிலேயே சொல்லிவிட்டு வருவேன்.

வேங்கிக்காலில் நம்மவர் ஒருவரின் பெண் குழந்தைக்கு இதே வீக்கம். ஆறு வயது. ராத்திரி மாத்திரை வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள், என்னை உதாரணம் காட்டி. அடுத்த பூஜையன்று ஜினாலயத்தில் எல்லாரும் கூடியிருக்கும்போது இந்தக் கடிதத்தின் நகலை உபாத்தியாயர் உரக்கப் படிக்க வேண்டும். அவரிடம் கேட்டுவிட்டேன், சம்மதித்திருக்கிறார். நான் எதிரில் நிற்பேன். படித்து முடித்ததும் அந்தக் குழந்தையின் அப்பா தன் வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்ச வேண்டும்.

டாக்டரைப் பார்க்கும் அன்று நான் மெட்ராஸுக்கு வருகிறேன். வரவேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். ஆனால் உள்ளே வரமாட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

உன் அப்பா